ஐந்தில் ஒரு பங்கு தாமதம்

குன்வோர் எக்டாலின் காந்தம் எங்கள் ஆய்வகத்தின் நிலவறையில் இருந்தது. தெருவில் போன பாதிரியாரின் சைக்கிளை, ஆளோடு சேர்த்து, அது சுவரில் இழுத்து ஒட்டவைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் ஸ்வீடனில் எங்கள் லுண்டுக்கு வந்து சுவரிலுள்ள கீறலைத் தடவிப் பார்க்கலாம்.

விரல் கனக் கண்ணாடிக் குழாயில் புரதக் கரைசலை ஊற்றி அந்தக் காந்தத்துக்குள் இறக்கி, மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக அலைகின்றன என்று அளப்பது குன்வோரின் வேலை. தனியாக இருந்தால் வேகம். இரண்டு ஒட்டிக்கொண்டால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். எங்கள் பேராசிரியர் ஆர்விட், கரைசல் அடர்ந்தால் இந்தப் புரதம் ஜோடி சேர்கிறது என்று சொல்லித்தான் பேர் வாங்கினார். எண்கள் எல்லாம் குன்வோருடையவை.

பதினோரு வருஷம் கழித்து, கோபன்ஹேகனிலிருந்து ஒருவர் தனக்கு ஜோடியே தென்படவில்லை என்று எழுதினார்.

"டேனிஷ்காரனுக்குக் குடிக்கத் தெரியும், அளக்கத் தெரியாது. மறுபடி அளந்து அவன் வாயை மூடு குன்வோர்," என்றார் ஆர்விட்.

அளந்தாள். கரைசல்களைப் பழையபடியே கலந்து, இந்த முறை ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொட்டு டையாக்சேன் சேர்த்தாள். யாரோடும் ஒட்டாத சின்ன மூலக்கூறு; அதன் வேகம் எங்கும் மாறக்கூடாது. ஆனால் புரதம் அடர்ந்த குழாயில் அதுவும் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்தது.

பழைய நோட்டைத் திறந்தாள். நீர்த்த குழாய்க்குச் சாதாரணத் தண்ணீர். அடர்ந்த குழாய்க்கு, சமிக்ஞை சுத்தமாக வரட்டுமென்று, முழுக்கக் கனநீர். கனநீர் சாதாரணத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டி. அதில் எது போனாலும் அவ்வளவு மெதுவாகத்தான் போகும். ஜோடியும் இல்லை, ஒன்றும் இல்லை. கையெழுத்து அவளுடையது.

"அழுதியா?" என்று பிற்பாடு கேட்டேன்.

"இல்ல. வீட்டுக்குப் போயி அடுப்பு முன்னாடி நின்னேன். கேக் வெந்ததான்னு மட்டும் பாத்தேன்."

எங்கள் துறையில் எதையாவது உடைத்தவர், மறுநாள் ஒன்பதரை மணிக் காப்பிக்குக் கேக் கொண்டுவர வேண்டும். குன்வோர் ஏலக்காய்க் கேக்கை மேசையில் வைத்தாள்.

"அட, நீயா? என்னத்த உடைச்ச, குழாயா?" ஆர்விட் சிரித்தார்.

"உன் ஜோடிய, ஆர்விட்." நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் படித்தார். நோட்டை மூடி வைத்தார்.

"அடுத்த மாசம் எனக்குப் பிரிவுபசார விழா. அதுக்கப்புறம் பத்திரிகைக்கு எழுதினா என்ன?"

"இன்னிக்கே எழுதறேன். நீ கையெழுத்துப் போட்டாலும் சரி, போடலன்னாலும் சரி."

"உனக்கு ஒண்ணுமே தோணலயா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தோணல," என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

ஆர்விட் ஒரு துண்டு கேக்கை எடுத்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திருத்தக் குறிப்பைத் தட்டச்சு செய்தது நான். அதுவரை எந்தக் கட்டுரையிலும் குன்வோருக்குக் கிடைத்தது கடைசியில் ஒரு நன்றி வரி மட்டும். இதில் அவள் பெயரை முதலில் போடச் சொன்னார் ஆர்விட். நியாயம் செய்தாரா, பழியை அவள்மேல் போட்டாரா? எனக்கு இன்றுவரை தெரியாது.

அச்சான பக்கத்தைக் காட்டினேன்.

"ம்," என்றாள். தடிமனான கையுறையை மாட்டிக்கொண்டு, காந்தத்தைக் குளிர வைக்கும் நைட்ரஜனை நிரப்பக் கீழே போனாள்.