சாமித்தட்டில் ஒரு ஜப்பான் பை

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு ஜப்பானியக் கம்பனியின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. லீவில் ஊர் போய் வந்த மனேஜர் எங்களுக்கு ஆளுக்கொரு சின்னப் பட்டுப் பை தந்தார். தோக்கியோவில் ஒரு கோயிலில் வாங்கியதாம், காவலுக்கு நல்லதாம். இனிப்புத் தந்திருக்கலாம்.

வெம்பிளி வீட்டில் மனைவி அதை உடனே சாமித்தட்டில் வைத்துவிட்டாள். எந்தக் கோயிலிலிருந்து எது வந்தாலும் எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். லூர்து மாதாவின் தண்ணீர்ப் போத்தல் ஏற்கெனவே முருகனுக்குப் பக்கத்தில் குடியேறியிருந்தது. இந்த நாட்டில் விசா கேட்காத ஒரே இடம் அந்தத் தட்டு. எங்களோடு இருந்த மாமி, மனைவியின் தாய், பைக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்.

“தம்பி, இது என்ன சாமி எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. பூ மாறி வைக்கக் கூடாது,” என்றார்.

கேட்டேன். மனேஜர் பேனையை மூடி வைத்தார். அங்கே சாமியாக இருப்பவர்கள் போரில் செத்த சிப்பாய்கள் என்றார். பர்மாவில் செத்த அவருடைய அண்ணனும் அங்கேதான். முன்பு தாய்மார் போய் அழுத இடம். பிறகு, போர்க்குற்றத்துக்காகத் தூக்கில் போட்ட தலைவர்களையும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டார்கள். இப்போது மந்திரிமார் கமெராவோடு வருகிறார்கள், சக்கரவர்த்தி வருவதில்லை. ஒருமுறை ஏற்றியவரை இறக்கவும் முடியாதாம். எனக்கு எங்கள் கோயில் கமிட்டி ஞாபகம் வந்தது.

சிரிப்பு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. மாமி மலாயாவில் பிறந்தவர். ரயில்வே கந்தோரில் கிளார்க்காக இருந்த அவருடைய தகப்பனை, போர்க்காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. செத்த நாள் தெரியாததால் மாமி அவருக்கு அமாவாசையில்தான் விரதம் பிடிப்பார். மறைத்துப் பேச எனக்கு வராது. எல்லாவற்றையும் சொன்னேன்.

“கோயில் சாமானைக் குப்பையில போடவும் ஏலாது. கொண்டுபோய்த் தேம்ஸில விட்டிட்டு வாங்கோ,” என்றாள் மனைவி. நான் கோட்டை மாட்டினேன்.

“வேண்டாம் தம்பி. அது அங்கையே இருக்கட்டும்,” என்றார் மாமி.

கொன்றவர்களுக்கும் பூவா என்று எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை எல்லாச் சாமிக்கும் பூ விழுந்தது, பைக்கு விழவில்லை. மாமி அதன் முன்னால் நின்று, அடுத்த வீட்டுக்காரரிடம் விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

“என்ர ஐயாவை எங்கை போட்டனீங்கள்? அதைச் சொல்லாட்டியும் பரவாயில்லை. எந்த நாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”