கணக்கில் வராத கால்

“ஒருத்தனுக்கு ரெண்டு தொடையும் உடைஞ்சிருக்கு. இன்னொருத்தனுக்கு ஒரு தொடை, மூணு விலா. யாருக்கு அடி ஜாஸ்தி?” என்று தட்டை என் முன்னால் வைத்துக்கொண்டே கேட்டாள் சித்தி. ரெண்டு தொடைக்காரனுக்குத்தான் என்றேன்; தப்பாம். அன்று சாப்பிட முடியவில்லை.

சித்தியின் வேலை அப்படி. ஆஸ்பத்திரியில், அடிபட்டு வந்தவர்களின் ஃபைலைப் படித்து, டாக்டர் எழுதிய ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு குறியீட்டு எண் போடுவாள். அந்த எண்களை வைத்து, அடி எவ்வளவு பெரியது என்று கம்ப்யூட்டர் ஒரு மார்க் சொல்லும். நோயாளியை அவள் பார்ப்பதில்லை. “முகத்தைப் பாத்தா கை தாராளமாயிடும்” என்பாள்.

தெருவில் அவளுக்கு ‘மார்க் டீச்சர்’ என்று பெயர். சைக்கிளிலிருந்து விழுந்தால் எதிர்வீட்டுக்காரர் நேராக எங்கள் வாசலுக்குத்தான் வருவார். சித்தி குனிந்து முழங்காலைப் பார்த்து, “ஒண்ணு” என்பாள். இருப்பதிலேயே சின்ன மார்க் அது.

“ரத்தம் வருதேம்மா.”

“ரத்தம் வந்தாலும் ஒண்ணுதான். கழுவிட்டுப் போங்க.”

அதிக தடவை ‘ஒண்ணு’ வாங்கியவர் சித்தப்பா. சிராய்ப்புக்கே நாள் முழுக்கப் படுத்துவிடும் மனிதர். கதவிடுக்கில் விரல் நசுங்கியபோதும் ஒன்று, காலில் வெந்நீர் கொட்டியபோதும் ஒன்று. “என்னைக்காவது ஒரு நாள் நீ ‘ஐயோ பாவம்’னு சொல்லணும். அதுக்காகத்தான் உசிரோட இருக்கேன்” என்பார்.

அந்த நாள் வந்தது. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க மாடியேறியவர் தவறிக் கீழே விழுந்தார். இரண்டு தொடை எலும்பும் முறிந்தன. ஆபரேஷன் முடிந்து, கால்களுக்குள் கம்பியோடு கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “எவ்வளவு?”

சொந்தக்காரர் ஃபைலை அவரவர் தொடக்கூடாது என்பது அங்கே விதி. சித்திக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் அக்காதான் எண் போட்டாள். பதினெட்டு வந்தது. அதை வார்டுக்கே வந்து சொல்லிவிட்டும் போனாள். பக்கத்துக் கட்டிலில், ஒரு தொடையும் மூன்று விலாவும் முறிந்த லாரிக்காரருக்கும் பதினெட்டு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சித்தப்பா, பரீட்சையில் தேறியவர் போல அந்த எண்ணைச் சொன்னார்.

சித்திக்கு மட்டும் இடித்தது. உடம்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மோசமான ஒரே காயத்தைத்தான் எடுப்பார்கள். தொடை முறிவுக்கு மூன்று; அதை அதே எண்ணால் பெருக்கினால், மும்மூன்று ஒன்பது. இரண்டு காலும் ஒரே பகுதி என்பதால் இன்னொரு கால் கணக்கில் வராது. லாரிக்காரருக்கு விலா வேறு பகுதி; மூன்று முறிந்தால் அதற்கும் ஒன்பது, கூட்டினால் பதினெட்டு. சித்தப்பாவுக்கு அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது?

“நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றாருன்னு டாக்டர் எழுதியிருந்தாரு” என்றாள் அந்த அக்கா. “நான் மூணு விலான்னு போட்டுட்டேன். உன் வீட்டுக்காரராச்சே, ஏதோ என்னால ஆனது.”

சித்தி வார்டுக்கு வந்தாள். சித்தப்பாவின் வலது விலாவில் விரல் வைத்தாள்.

“வலிக்குதா?”

“உசிரு போகுது.”

இடது பக்கம் வைத்தாள். “இங்க?”

“அங்கயுந்தான்.”

விரலை எடுத்துவிட்டாள். “இப்ப?”

“இப்பதான் ரொம்ப.”

லாரிக்காரர் சிரிக்கப் போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்று முனகினார்.

“பாத்தீங்களா, உடைஞ்ச விலா அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு ஒரு காலுக்குத்தான் மார்க், ஒன்பது” என்றாள் சித்தி.

“விட்டுடேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

“நாளைக்கு நிஜமாவே பதினெட்டோட ஒருத்தன் வந்து செத்துப்போறான்னு வைங்க. அதே பதினெட்டோட இவரு பிழைச்சாரே, அவனை ஏன் காப்பாத்தலைன்னு டாக்டரைக் கேப்பாங்க. உங்க உடையாத விலாவுக்கு டாக்டர் பதில் சொல்லணுமா?”

சித்தப்பா சின்னக் குரலில், “கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்பதான் நிஜமா அடிபட்டிருக்கேன். அதுலயும் ஒரு காலைக் கழிச்சுட்டே” என்றார்.

சித்தி நேராகத் தன் அலுவலகத்துக்குப் போனாள். அக்காவைக் கொண்டே விலாவை எடுக்க வைத்தாள். ஒன்பது ஆனது.

சாயங்காலம் வீட்டிலிருந்து ஒரு தலையணையோடு வந்து கட்டில் ஓரம் நின்றாள்.

“எந்தக் காலுங்க கணக்குல வரல?”

இரண்டும் ஒரே மாதிரி முறிவு. எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சித்தப்பா இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்து, “இடது” என்றார்.

சித்தி இடது காலை மெல்லத் தூக்கி, அடியில் தலையணையை வைத்தாள்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பதினெட்டு என்று சித்தப்பா சொல்லிவைத்தவர்கள் ஏராளம். ஒன்பதுதான் என்று அவர்களுக்கும் தெரியட்டும். சொல்லும்போது தலையணையை விட்டுவிடாதீர்கள்.