இத்தாலிய அடுக்கில் வெறும் டேட் லேபிள்கள்

லண்டனில் நோர்பரிக்குப் பக்கத்துக் கவுன்சில் நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1989இல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கழுத்தில் பெயர் அட்டை தொங்கியபோது தரையில் கால் பாவவில்லை.

மூன்றாவது வாரம் கிடைத்த வேலை, புத்தகம் கழிப்பது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் டேட் லேபிள் ஒட்டியிருக்கும். இரவல் கொடுக்கும்போது அதில் தேதி குத்துவோம். ஐந்து வருடமாகத் தேதி விழாதவற்றில் கழிவு முத்திரை குத்தி வெள்ளிக்கிழமை லொறியில் ஏற்றவேண்டும். இத்தாலிய ரொமாண்டிக் இலக்கியம் என்ற அடுக்கில் இருபது புத்தகங்கள். ஒன்றிலும் தேதி இல்லை. ஆறில் குத்திவிட்டேன்.

"பிள்ளை, அதுகளை ஏன் குத்திறீர்?"

துடைப்பத்தோடு நின்றவர் கிளாரா அக்கா. மன்னார்க்காரி, எங்கள் நூலகத்தைத் துப்புரவு செய்பவர்.

"ஒருத்தரும் எடுக்கிறேல்லை அக்கா. இத்தாலிப் பாஷை. உங்களுக்கு விளங்காது."

அந்தக் கடைசி இரண்டு சொற்களை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

அவர் கையைத் துடைத்துவிட்டு, ஒரு புத்தகத்தில் தேடாமலே ஒரு பக்கத்தைத் திறந்து இத்தாலிய மொழியில் வாசித்தார். பிறகு சொன்னார்:

"இதுகளை எழுதினவையின்ர நாட்டை வேற ஆக்கள் ஆண்டவை. கொஞ்சப் பேர் ஓடி லண்டனுக்கும் வந்தவை. பழைய தெய்வங்களைப் பாடினது போதும், சனத்தைப் பற்றி, சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுதுவம் எண்டு சண்டை பிடிச்சவை."

"எங்கை அக்கா படிச்சனீங்கள்?"

"ரோமில ஒன்பது வரியம் கண் தெரியாத ஒரு மனுசியை வேலைக்கு நிண்டு பராமரிச்சனான். நான் வாசிக்காட்டி அது சாப்பிடாது. இஞ்சை ரீ பிரேக்கில இதுகளைத்தான் வாசிக்கிறன்."

"அப்ப வீட்டை கொண்டு போகலாமே?"

"கார்ட் எடுக்க அட்ரஸ் காட்ட வேணும். நான் இருக்கிறது வேற ஆற்றையோ பேரில எடுத்த அறையில." சிரித்தார். "படிச்ச பிள்ளை, லேபிளைத்தானே பார்த்தனீர்!"

மேலாளர் சிவம் அண்ணையிடம் ஓடினேன்.

"குத்தினது குத்தினதுதான். மிச்சத்தில வெள்ளிக்கு முன்னம் தேதி விழுந்தால் கழிக்கேலாது," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு கார்டுக்கு எட்டுத்தான், பாரும்."

என் கார்டில் எட்டு எடுத்தேன். மிச்ச ஆறுக்கு அம்மாவைக் கூட்டிவந்தேன். வாசிக்கத் தெரியாத அம்மா, கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு போட்டுக் கார்ட் எடுத்தார்.

"என்ன புத்தகம் பிள்ளை எடுக்கிறன்?"

"இத்தாலிக் கவிதை அம்மா."

"நல்லதாப் பார்த்து எடு."

பதினான்கும் கிளாரா அக்காவின் அறைக்குப் போயின. முத்திரை விழுந்த ஆறும் லொறியில் போயின.

இப்போது அந்த மேலாளர் நாற்காலியில் நான் இருக்கிறேன். ஒரு புத்தகத்தைக் கழிக்குமுன் டேட் லேபிளைப் பார்ப்பேன். பிறகு, கூட்டித் துடைக்க வருபவரிடம் கேட்பேன்.