மூடப் பார்த்ததும் மூடிப் பார்த்ததும்

சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பிரஸ் அக்கா. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி பிரஸ்ஸில் போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்ததா அந்தக் கைப்பழக்கம்?

அந்தப் பிரஸ்தான் அன்று மதியம் அவள் கையை விட்டுப் போனது. குழாயில் நீராவி புஸ்ஸென்று பீறிட்டது. அவள் ஓடிப்போய் வால்வை இறுக்கி மூடினாள். அப்படியும் நிற்கவில்லை. பக்கத்தில் நின்றவளை இழுத்துக்கொண்டு அவள் விலகுவதற்குள் யாரோ பாய்லரையே நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. தமிழ் தெரியாத மேனேஜர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். அவள் கைவசம் இருந்த இங்கிலீஷை எடுத்து விட்டாள்.

“ஐ ட்ரைட் டு க்ளோஸ் வால்வ், சார்.”

மேனேஜர் பிடித்துக்கொண்டார். மூட முடியவில்லை என்றால் ஏன் உடனே ஆளைக் கூப்பிடவில்லை? பக்கத்தில் நின்றவள் வெந்துபோயிருந்தால் யார் பதில் சொல்வது? “யெஸ் சார், ட்ரைட், ட்ரைட்” என்று அவள் சொல்லச் சொல்லக் காரியம் இன்னும் கெட்டது. நாளையிலிருந்து நீ துணி மடிக்கிற மேஜைக்குப் போ, பிரஸ்ஸை வேறு ஆள் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால், நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் அவள் சேர்ந்ததிலிருந்து மற்றவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

“ட்ரை, ட்ரைஸ், ட்ரைட், ட்ரையிங். ட்ரைட்ல ஒய் போயிடும், ஐ வந்துடும். ட்ரையிங்ல ஒய் திரும்பி வந்துடும்.”

“போனது வந்ததெல்லாம் இருக்கட்டும், வாயை மூடுடி. அந்தச் சனியன் பிடிச்ச வார்த்தையைச் சொல்லித்தான் இன்னைக்கு என் மெஷினே போச்சு.”

நாத்தனார் புத்தகத்தைக் கீழே வைத்தாள். “என்ன அண்ணி ஆச்சு?”

அழுகையும் ஆத்திரமுமாக அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். நாத்தனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“வால்வை மூடினீங்களா, இல்லையா?”

“மூடினேன்டி! மூடிப் பார்த்தேன், நிக்கல. அதைத்தானே அவர்கிட்ட சொன்னேன்!”

“அதைச் சொல்லல அண்ணி. ட்ரைட் டு க்ளோஸ்னா மூடப் பார்த்தேன்னு அர்த்தம். முடியலைன்னு அவர் நினைச்சுட்டார். மூடிப் பார்த்தேன்னா, ட்ரைட் க்ளோஸிங்.”

மூடப் பார்த்தேன். மூடிப் பார்த்தேன். இரண்டையும் அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தமிழில் பச்சைக் குழந்தைகூட இதில் தடுமாறாது. இங்கிலீஷில் ஒரு ‘டு’வைச் சேர்த்து, செய்த வேலையைச் செய்யாத வேலையாக அவளே ஆக்கிவிட்டிருக்கிறாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தப்பு கையில் இல்லை, நாக்கில்தான்.

“ஏன்டி, இதை நேத்தே சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“நேத்து நாங்க ஒய்லதான் இருந்தோம் அண்ணி.”

இத்தனை நாள் தான் கரித்துக் கொட்டிய நாத்தனாரை அவள் அன்று கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், நோ ட்ரைட் டு. ட்ரைட் க்ளோஸிங். க்ளோஸ்ட்! ஸ்டில் ஸ்டீம் கமிங்!”

க்ளோஸ்ட் என்றதும் மேனேஜர் நிமிர்ந்தார். பிறகு எழுந்து அவளோடு வந்தார். பிரஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து வால்வின் சக்கரத்தை மூடும் பக்கமாகத் திருகினார். அது அசையவில்லை. ஏற்கெனவே முழுக்க மூடித்தான் இருந்தது. அவள் சொன்னதை நம்பி, நேற்று ஒருவரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மெக்கானிக் வந்து வால்வைக் கழற்றினார். உள்ளே நீராவியை அடைக்கும் வாஷர் தேய்ந்து போயிருந்தது.

மேனேஜர் ஸாரி சொன்னார், பிரஸ் உன்னுடையதுதான் என்றார். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அவளைத் தேற்றுகிற மாதிரி மேனேஜர் இன்னும் ஒன்று சொன்னார்.

“ஐ வில் ட்ரை டு சேஞ்ச் இட் டுடே.”

மாற்றப் பார்க்கிறாராம்! அவள் சட்டென்று விரலை உயர்த்தினாள்.

“நோ ட்ரை டு, சார். சேஞ்ச்.”

மேனேஜர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் புது வால்வு எடுத்துவரக் கிளம்பினார்.