பச்சைத் தண்ணீரில் தொட்ட ஊசி

போன வாரம் எங்கள் அண்ணனூர்த் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு ஒரு வண்டி வந்தது. வண்டி மேல் வேட்பாளர், பக்கத்தில் அவருடைய சின்னப் பெண். பட்டுப்பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். அந்த வெயிலில் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றது குழந்தை. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. நான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"இன்னாத்தே நீங்க? ஓட்டு கேக்க வந்தவங்க மூஞ்சில கதவ சாத்துறீங்க?" என்று மருமகள் கோபித்துக்கொண்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் குழந்தை நின்ற இடத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றவள்.

என் நைனா வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ஏரியும் நெல்லுமாக இருந்த ஊர். இன்றைக்குப் போனால் தொழிற்சாலைச் சுவர்தான் தெரியும். பிரசிடெண்ட் என்றதும் பெரிய தர்பார் என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும். தெருக்கோடி விளக்குக்கு எண்ணெய் ஊற்றவில்லை என்று ஒருவர், ஏரி மதகைப் பக்கத்து ஊர்க்காரன் அடைத்துவிட்டான் என்று ஒருவர், பட்டியில் அடைத்த மாட்டை விடச் சொல்லுங்கள் என்று அழுதுகொண்டு ஒருத்தி. நைனா பல் துலக்கிக்கொண்டே வழக்குக் கேட்பார், வேப்பங்குச்சி வாயில் இருக்கும்போதே தீர்ப்பும் சொல்லிவிடுவார். கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலத்துக்காக ரயிலேறி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். "செருப்பு தேஞ்ச காசுக்கே பாலம் கட்டியிருக்கலாம்" என்பாள் அம்மா. பாலம் வந்தது. நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய் வருமோ வராதோ.

அந்த நாளில் பெரியம்மையைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம். "அம்மா வந்துகீறா" என்போம். வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும், அடுப்பில் தாளிப்பு கிடையாது, யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். வருகிறவளை ஊசி குத்தித் தடுப்பதாவது! அம்மை குத்துகிறவர் சைக்கிள் தெரிந்தால் போதும், பிள்ளைகளை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள்.

எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தவர் பெயர் துரைராஜ். பூந்தமல்லியிலிருந்து வருவார். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசத் தெரியாது. தகரப் பெட்டியில் ஊசியும் ஸ்பிரிட் விளக்கும், அம்மைப்பால் என்று நாங்கள் சொன்ன மருந்தும் வைத்திருப்பார். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். கோயிலுக்கு எதிரில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு குழந்தையும் வராமல் திரும்பிப் போவார்.

பக்கத்து ஊரில் பிள்ளைகள் சாக ஆரம்பித்தபோது நைனா ஊரைக் கூட்டிப் பேசினார். எங்கள் ஊர்க்காரர்கள் சாமர்த்தியசாலிகள். "மொதல்ல பிரசெண்டு ஊட்டு கொயந்திக்கு குத்தட்டும், அப்பால பாக்கலாம்" என்றார்கள். நீங்களே சொல்லுங்கள், நியாயம்தானே? நைனாவும் சரியென்று வந்துவிட்டார்.

வீட்டில் அம்மா ஒப்பவில்லை. எனக்கு முன்னால் பிறந்தவை தங்காமல் போக, தான் பிறந்த ஊரான வேப்பம்பட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு என்னைப் பெற்றவள் அவள். "அவ குடுத்த கொயந்திய அவளுக்கு எதிராவே குத்துவீங்களா? குத்துங்க, நான் இவள தூக்கிக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் பூடுறேன்" என்று ஒரே அழுகை. நைனா ஊருக்குத்தான் பிரசிடெண்ட்.

மறுநாள் காலை துரைராஜைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். அங்கேதான் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"பச்சத் தண்ணில தொட்டு பேருக்குக் குத்திடுப்பா. ஊரு நம்பினா போதும்."

"வாணாங்கய்யா. நோவு வந்துச்சுன்னா பாப்பாவுக்குக் காவல் இருக்காது."

"எல்லாம் ஓயட்டும், அப்பால ஊட்ல சமாதானம் பண்ணி நெஜமா குத்திக்கலாம். இப்ப நான் சொல்றத செய்யி."

பிரசிடெண்ட் சொல்லை அவர் எப்படித் தட்டுவார்? அப்படியாவது ஊர் கை நீட்டட்டும் என்றும் நினைத்திருக்கலாம். எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கோயில் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நான் அழவில்லை. நைனா என் கையை உயர்த்திக் காட்டி, "பாருங்கய்யா, எம்பொண்ணு கண்ணுல தண்ணி வந்துச்சா?" என்றார். கூட்டம் கைதட்டியது. யாரோ ஒரு வெல்லக்கட்டியை என் வாயில் திணித்தார்கள். ராணி மங்கம்மாவே நான்தான் என்று எனக்கு நினைப்பு.

பாதி ஊர் அன்றைக்கே கை நீட்டியது. மீதிப் பேர் அடுத்த தடவை என்றார்கள். குத்திக்கொண்ட பிள்ளைகளுக்கெல்லாம் கை வீங்கிக் கொப்புளம் கட்டியது. எனக்கு ஒரு கீறலும் மிஞ்சவில்லை. அம்மா முழங்கை மறைகிற மாதிரி ரவிக்கை போட்டுவிட்டாள்.

துரைராஜ் அடுத்த தடவை வருவதற்குள் எங்கள் வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. வாழையிலையில் போட்டிருந்தார்கள் என்னை. பிழைத்ததே பெரிது, பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண் போய்விடும். கடைசியில் கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது, யார் இது என்று அம்மாவைத்தான் கேட்டேன்.

ஊர் வேறு கணக்குப் போட்டது. "பிரசெண்டு பொண்ணுக்கே குத்தியும் வந்துச்சே, நமுக்கு இன்னாத்துக்கு?" மறுபடி வந்த துரைராஜ் கோயில் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். பாதி ஊர்ப் பிள்ளைகளுக்குக் காவல் இல்லை, நோயோ ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. நைனா இதற்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். குத்தவில்லை, தண்ணீர்தான் என்று ஒரு வார்த்தை போதும்.

எங்கள் வாசலிலேயே கூட்டம் கூடியது. நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தேன். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசினார்.

"குத்தினா வராதுன்றது நெஜம். எம்பொண்ணுக்குக் குத்தினது கெட்டுப்போன மருந்து. வெயில்ல சைக்கிள்ல வெச்சிக்கினு சுத்தினா மருந்து இன்னாத்துக்கு ஆவும்? பொறுப்பில்லாத ஆளு. நான் மேல சொல்லி வேற ஆளு, புது மருந்து வரவெக்கிறேன். அல்லாரும் வாங்க."

துரைராஜ் கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. "இன்னாய்யா, நெஜமா?" என்று ஒருவர் அதட்டினார். துரைராஜ் நைனாவைப் பார்த்தார். நைனா வேறெங்கோ பார்த்தார்.

"ஆமாங்க. என் தப்புதான்" என்றார் துரைராஜ்.

மறுத்திருந்தால் நைனாவின் பேச்சும் போய், ஊசியின் பேச்சும் போய், ஒரு குழந்தையும் கை நீட்டியிருக்காது. அதை யோசித்துச் சொன்னாரா, பயந்துபோய்ச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குள் ஏதோ கூசிப்போனது மட்டும் தெரியும். முகத்தில் அப்போது ஆறாத புண், ஆனால் அது எரிந்ததாகவே நினைவில்லை.

புது ஆள் வந்தார். ஊர் மொத்தமும் வரிசையில் நின்று குத்திக்கொண்டது, வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்ததுகள் உட்பட. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. நைனாவுக்கு மாலை போட்டார்கள், அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. துரைராஜின் வேலை போய்விட்டது.

பூந்தமல்லியை விட்டுப் போகுமுன் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அம்மா நடுங்கினாள். நைனா உள்ளே படுத்திருந்தார். "இல்லைன்னு சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். துரைராஜ் அவரைக் கேட்கவே இல்லை. வாசலில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, ரெண்டு கண்ணும் நல்லா தெரியுதா?"

"தெரியுது."

ஒரு கண்ணை மூடச் சொல்லி விரலைக் காட்டினார். பிறகு அடுத்த கண். இரண்டிலும் சரியாகச் சொன்னேன். "அது போதும்மா" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த நோயே இன்று உலகத்தில் இல்லை. என் பேத்தி என் கன்னத்தைத் தடவி, "இது பருவா ஆயா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறேன். தகரப் பெட்டியோடு வருகிறவர்களும் இல்லை, வாசலில் கூடின அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

நைனா அதற்குப் பிறகும் வெகு காலம் இருந்தார். சாகும்வரை என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "பொண்ணு மேல அம்மாம் பாசம், பாக்கவே மனசு வர்ல அவுருக்கு" என்று ஊர் உருகியது. நானும் வாயைத் திறக்கவில்லை. இனி உண்மையைச் சொல்லலாம் என்றால், துரைராஜைத் திட்டினவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை.