கோழிக்கறியோடு போட்டி போட்ட பிரெஞ்சுப் பாட்டு

மேடையில் பாடிப் பிழைப்பவர்களுக்குத் தெரியும், தொண்டை கட்டினால்கூடச் சமாளித்துவிடலாம், சாப்பாட்டு நேரத்தைச் சமாளிக்க முடியாது.

நான் பாரிஸில் பிறந்த தமிழ்ப் பெண். பிரெஞ்சில் பாப் பாட்டுப் பாடி, இரண்டு ஆல்பம் போட்டு, தொலைக்காட்சி நாடகங்களிலும் நடித்தவள். கல்யாணம் முடித்து டென்மார்க்கில் இருக்கும் ஒடென்சேக்கு வந்தபோது தொழிலையும் கூடவே கொண்டு வந்தேன். நன்றாகத்தான் பாடுவேன், இதில் என்ன தன்னடக்கம்? டேனிஷ்காரர்கள் ஒரு சொல் விளங்காவிட்டாலும் அசையாமல் இருந்து கேட்பார்கள். எங்கள் ஆட்கள் ஒரே ஒரு தடவையாவது அப்படிக் கேட்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. மேடையேறியவர்களே, இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எழுந்து நின்ற சபை

மாமியார் இருக்கும் ரண்டர்ஸ் நகரில் ஒரு தமிழ்க் கல்யாண வரவேற்பு. நானே எழுதி மெட்டமைத்த பாட்டு, மெதுவாகத் தொடங்கும். இரண்டாவது வரியிலேயே மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. பாரிஸில் சபை எழுந்து நின்றால் அன்றைக்குப் பாடகிக்குத் தூக்கம் வராது. எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது, கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினேன்.

கண்ணைத் திறந்தால் எல்லோரும் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நான் தொடங்கிய நேரம் பார்த்துச் சாப்பாட்டு மூடிகளைத் திறந்துவிட்டார்கள். திறந்தது வேறு யாருமில்லை, என் மாமியார்தான். ரண்டர்ஸில் எந்த விசேஷம் என்றாலும் சாப்பாட்டுப் பொறுப்பு மாமியுடையது. நிரம்பிய தட்டோடு மேடைப்பக்கம் வந்த பெரியவர் ஒருவர் நின்று, உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"நல்லாப் பாடுறீர் பிள்ளை. கோழி முடியப்போகுது, கெதியா வாரும்."

போதாத தமிழ்

ஒரு டேனிஷ் தொடரில் தமிழ் அம்மா வேடம் கிடைத்தது. வசனம் டேனிஷ். நான் வாயைத் திறந்ததும் இயக்குநரின் முகம் வாடிவிட்டது. என் டேனிஷில் பிரெஞ்சு வாடை அடிக்கிறதாம், தமிழ்ப் பெண் இப்படிப் பேசமாட்டாளாம்.

விடுவேனா? மாமிக்குப் போன் போட்டு, வசனம் முழுவதையும் தமிழ் வாடை அடிக்கும் அவருடைய டேனிஷில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். நாடகம் என்றதும் மாமி உற்சாகமாகச் சொல்லித் தந்தார், அது வேலையாம். பாட்டு மட்டும் அவர் கணக்கில் வேலையில்லை. மறுநாள் படப்பிடிப்பில் மாமியை அப்படியே இறக்கி வைத்தேன். இயக்குநர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்:

"இப்போதுதான் நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள்."

மூடியில் கைவைத்தவர்

போன இலையுதிர் காலத்தில் ஒடென்சேயில் மண்டபம் எடுத்தேன். என் பாட்டுகள் மட்டும், எல்லாம் பிரெஞ்சு. சாப்பாடு இல்லையென்றால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள், இருந்தால் கேட்கமாட்டார்கள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமி, தான் இறைச்சி அடைத்த ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வருவதாக அறிவித்துவிட்டார்.

அந்த மெதுவான பாட்டைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். தொடங்கும்போது ரோல்ஸ் வாசம் மேடைவரை வந்தது. பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்தார்கள். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அங்கே மாமி சாப்பாட்டு மேசைக்கு முன்னால் வந்து, மூடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவர்களைப் பார்த்தார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நான் ஒரே வரியை இரண்டு தரம் பாடிவிட்டேன். கடைசி வரை ஒருவரும் அசையவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் நேரே மாமியிடம் போய், பாட்டு எப்படி என்று கேட்டேன். மாமி மூடியைத் திறந்து, முதல் ரோல்ஸை என் கையில் வைத்துச் சொன்னார்:

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா ரோல்ஸ் ஆறினாலும் பரவாயில்லை எண்டு இருந்துது."

விருதுகள் வைக்க வீட்டில் கண்ணாடி அலமாரி இருக்கிறது, ஆனால் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய விருதை அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்துவிட்டேன்.