கருங்கல் பக்கம் குவிந்த புள்ளிகள்

மகளின் முதல் கேக் கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தவன் நான்தான். நாகர்கோவில் வடசேரியிலிருந்து கருங்கல் ஊர் வரை இருபது வருடம் ஸ்கூட்டரில் டீக்கடைகளுக்கு ரொட்டி போட்டவன். எந்த நிறுத்தத்தில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற தைரியத்தில், நாகர்கோவிலில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கடை வைக்கச் சொன்னேன். பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் எப்போதோ பைக் வாங்கிவிட்டார்கள். ஒரு வருடம்கூட ஓடவில்லை. பெயர்ப்பலகையை அவளே ஏறி இறக்கினாள்.

பிறகு வீட்டிலேயே கேக் செய்து, போனில் வந்த ஆர்டர்களுக்கு அனுப்பினாள். அடுத்த கடைக்கு இடம் தேடியபோது என்னைக் கேட்கவில்லை. ஆர்டர்களை எல்லாம் இணைய வரைபடத்தில் புள்ளிகளாக ஏற்றினாள். கேக் சொன்னவர்களின் ஊரைத் தவறுதலாக ஏற்றியதால் பாதிப் புள்ளிகள் துபாயிலும் தோகாவிலும் போய் விழுந்தன.

"அப்பா, உங்க ஸ்கூட்டர் அங்க வரைக்கும் போவுமா?" என்றாள். கடையை மூடிய பிறகு அவள் என்னை முதல்முறையாகக் கேலி செய்தது அன்றைக்குத்தான்.

கேக் போய்ச் சேர்ந்த வீடுகளை வைத்து மறுபடி ஏற்றியதும், புள்ளிகள் கருங்கல் பக்கம் ஒரே இடத்தில் குவிந்தன. நாகர்கோவிலிலிருந்து அங்கே போவதற்குள் கிரீம் இளகிவிடுகிறது, பக்கத்திலேயே கடை வேண்டும் என்றாள். எனக்குத் தெரிந்து அது வெறும் மரச்சீனி விளை, மரவள்ளிக்கிழங்குத் தோட்டம். நம்பாமல் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அதே வழி. ரொட்டிப் பெட்டி இருந்த இடத்தில் மகள். பழைய டீக்கடைகளில் இரண்டுதான் மிச்சம். விளையில் மாடி வீடுகள் நின்றன, ஒவ்வொன்றிலும் வயதான இரண்டு பேர். பிள்ளைகள் வளைகுடாவிலிருந்தே அப்பா அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்லிவிடுகிறார்கள். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு டீக்கடைக்கு பன் வாங்க ஓடிவந்த பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள்.

சர்ச் முக்கில் ஒரு கடை காலியாகக் கிடந்தது. இதை எடுக்கப்போகிறேன் என்றாள். இன்னொரு பலகையை இறக்க இவளுக்குத் தெம்பு இருக்குமா? நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"உங்ககிட்ட இடத்தக் கேக்கல்லப்பா. வழியத்தான் கேக்கேன். கிரீம் சரியாம இந்த வீடுகளுக்குப் போவ எந்த ரோடு நல்லது?"

வரைபடம் குளத்தங்கரை வழியைத்தான் பக்கம் என்று காட்டியது. அந்தப் பள்ளங்களில் என் ரொட்டிப் பெட்டி எத்தனை தடவை சரிந்திருக்கிறது.

"அது வேண்டாம் மக்கா. பள்ளிக்கூடத்தச் சுத்திப் போ. ரெண்டு நிமிசம் கூடும், ஆனா ஆடாது."

அவள் அந்த வழியைப் படத்தில் குறித்துக்கொண்டு, கடையின் சொந்தக்காரருக்குப் போன் செய்தாள். அவள் பேசி முடிக்கும்வரை நான் ஸ்கூட்டரின் கைப்பிடியை விடவில்லை.